உள்தள்ளல் ஒப்பனையன்று, இலக்கணம்!

தமிழிலக்கணம் பயின்றோர் நன்கறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 'செம்பொன்பதின்தொடி' என்பது அது. செம்பொன், பதின்தொடி எனப் பிரித்தால் பத்துத் தொடி நிறையுள்ள பொன். செம்பு, ஒன்பதின்தொடி எனப் பிரித்தால் ஒன்பது தொடி நிறையுள்ள செம்பு. எழுத்து ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. பிரிக்கும் இடம் மாறியது, பொன் செம்பாயிற்று! சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் ஓலையில் எழுதிய காலத்திலேயே, எங்கே பிரிகிறது என்பதுதான் பொருளைத் தீர்மானிக்கிறது என்று கண்டு சொன்ன இனம் நம் இனம்.

அந்த இனத்துப் பிள்ளைகளைப் பார்த்து இன்று ஒரு கூட்டம் சொல்கிறது: "நான்கு வெற்றிடத்தின் பொருள் உங்களுக்கு விளங்காது, அதை விளங்கிக்கொள்ள ஆங்கிலம் வேண்டும், ஆகவே உருத்தட்டுங்கள்!"

இந்தக் கொடுமையைக் கண்டபின் வாளாவிருத்தல் இயலாது. அதனால்தான் இக்கட்டுரை.

தமிழ்நாட்டரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியற் பாடத்தில் 2019ஆம் ஆண்டு முதல் 'பைத்தான்' என்னும் நிரல்மொழி இடம்பெற்றிருக்கிறது. தமிழ்வழி மாணவர்க்குத் தமிழிலேயே பாடநூலும் உண்டு. நூல் தமிழில் வந்துவிட்டது. ஆனால் கற்பிப்பு தமிழில் வந்ததா? பொருளுணர்த்தி வந்ததா? அதுதான் நம் வினா.

எம் தெருவில் வாழும் மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு ஒருநாள் மாலை தன் பதிவேட்டுடன் வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. "ஐயா, கணினி அறிவியலை விட்டுவிட்டு வேறு பிரிவுக்கு மாற இனி வழியுண்டா?" என்று கேட்டாள். ஏனம்மா என்றேன். செய்முறை வகுப்பில் மூன்று முறை பிழை செய்தாளாம். "உனக்கு ஆங்கிலம் வராது; அதனால் இதுவும் வராது. பதிவேட்டில் உள்ளதை அப்படியே உருப்போட்டு வந்து அடி, போதும்" என்றாராம் கற்பித்தவர். அவரையோ அவர்தம் பள்ளியையோ பெயர் சொல்லித் தூற்றுவது நம் நோக்கமன்று. அவர் ஒருவரல்லர்; ஊர்தோறும் இருக்கின்றார். நோய்தான் நமக்குப் பகை; நோயாளியல்லர்.

பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். நான்கே வரி. பைத்தானின் ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழெழுத்தில் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

தொகை = 0
ஃபார் எண் இன் ரேஞ்ச்(1, 6):
தொகை = தொகை + எண்
பிரிண்ட்(தொகை)

ஒன்று முதல் ஐந்து வரையுள்ள எண்களைக் கூட்டி விடை சொல்லும் நிரல் இது. கரும்பலகையில் மூன்றாம் வரி சற்று உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்ததாம். விரைந்து படியெடுத்த பிள்ளையின் கையில் அந்தத் தள்ளல் தொலைந்து போயிற்று. தொலையாமல் என் செய்யும்? அது வெறும் வெள்ளைத் தாள்தானே என்று அவள் நினைத்தாள். அஃது எழுத்தைப் போலவே பொருளுடையது என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை!

இனிப் பொருளைப் பார்ப்போம். முதலில் 'மடக்கு' என்பதை எடுத்துக்கொள்வோம்.

ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யுமாறு கணினிக்கு இடும் கட்டளையைத் தமிழ்க் கணினி நூல்கள் மடக்கு என்கின்றன. அருமையான சொல். நம் அணியிலக்கணத்தில் மடக்கு என்றால் என்ன? முன்வந்த எழுத்துத் தொடரே மீண்டும் வந்து வேறு பொருள் தருவது. கணினி மடக்கும் அதுவேதான். 'தொகை = தொகை + எண்' என்னும் அதே வரி ஐந்து முறை வருகிறது; ஆனால் வரும்போதெல்லாம் எண்ணின் மதிப்பு வேறு. முதன்முறை ஒன்று, அடுத்து இரண்டு, பிறகு மூன்று, நான்கு, ஐந்து. வரி ஒன்றே, பொருள் ஐந்து. ரேஞ்சில் ஆறு என்று இருக்கிறதே என்பாய். அந்த ஆறு எல்லைக்கல். எல்லைக்கல்லின்மேல் எவரும் உழுவதில்லை. அதற்கு முன்னே ஐந்தோடு நின்றுவிடும். மடக்கணி படித்த தமிழ் மாணவனுக்கு இதை விளக்க ஆங்கிலம் எதற்கு?

அடுத்தது உள்தள்ளல். மடக்கு எந்தெந்த வரிகளைத் திரும்பச் செய்யும்? எந்த வரியோடு அதன் ஆட்சி முடியும்? இதை ஏதேனும் ஒன்று காட்டித்தானே ஆக வேண்டும். சி மொழி நெளிவடைப்புக் குறிகளால் காட்டுகிறது. பாசுக்கல் மொழி தொடக்கச்சொல், முடிவுச்சொல் இரண்டை இட்டுக் காட்டுகிறது. 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழி 'முடி' என்று சொல்லி முடிக்கிறது. பைத்தான் இவை எதையும் கேட்பதில்லை. முக்காற்புள்ளிக்குப் பின் உள்ளே தள்ளி நிற்கும் வரிகள் மடக்கின் ஆட்சிக்குள். தள்ளல் நீங்கி இடப்பக்கம் திரும்பிய வரி ஆட்சிக்கு வெளியே. அவ்வளவே! வீட்டுக்குள் இருப்பவன் வீட்டான். திண்ணையைத் தாண்டியவன் வெளியான்.

அம்மாணவியின் மூன்று பிழைகளையும் இப்போது பாருங்கள்.

முதற்பிழை, மேலே காட்டியது. எல்லா வரிகளும் ஓரத்திலேயே நின்றன. முக்காற்புள்ளியைக் கண்ட கணினி, உள்ளே ஒரு வரியாவது வரும் என்று எதிர்பார்த்தது, வரவில்லை. 'உள்தள்ளிய தொகுதியை எதிர்பார்த்தேன்' என்று பிழைச்செய்தி தந்து நின்றுவிட்டது. செய்தி ஆங்கிலத்தில் வந்தது. அதை ஒருவர் ஒரே ஒருமுறை தமிழில் சொல்லியிருந்தால் சிக்கல் அன்றே தீர்ந்திருக்கும்.

இரண்டாம் பிழை. யாரோ 'உள்ளே தள்ளு' என்றனர். எதை, ஏன் என்று சொல்லவில்லை. அவள் கடைசி இரண்டு வரிகளையும் உள்ளே தள்ளினாள். இப்போது பிழைச்செய்தி இல்லை. ஆனால் 15 என்னும் ஒரு விடைக்கு மாறாக 1, 3, 6, 10, 15 என ஐந்து எண்கள் வரிசையாக வந்தன. விடையைக் காட்டும் வரியும் மடக்குக்குள் புகுந்துவிட்டதால் ஒவ்வொரு சுற்றிலும் அதுவரை சேர்ந்த தொகையைக் காட்டியது.

மூன்றாம் பிழை. மனம் கலங்கிய பிள்ளை 'தொகை = 0' என்பதையும் மடக்குக்குள் கொண்டுபோய் முதலில் வைத்தாள்; பிரிண்டு வரியை வெளியே எடுத்தாள். விடை 5 என்று வந்தது. ஏன்? சுற்றுத்தோறும் தொகை துடைத்தெறியப்படுகிறது. உண்டியலில் நாள்தோறும் காசு போட்டுவிட்டு, மறுநாட் காலையில் கவிழ்த்துக் கொட்டினால் கடைசி நாட் காசுதானே மிஞ்சும்? அந்த ஐந்துதான் இந்த ஐந்து.

சரியான வடிவம் இது:

தொகை = 0
ஃபார் எண் இன் ரேஞ்ச்(1, 6):
    தொகை = தொகை + எண்
பிரிண்ட்(தொகை)

அதே நான்கு வரிகள். நிற்கும் இடம் மாற மாற விடை 15 ஆகிறது, ஐந்து எண்களாகிறது, வெறும் 5 ஆகிறது. செம்பொன் செம்பான கதையன்றி இது வேறென்ன? இதை உருத்தட்டச் சொல்பவன், செம்பொன்னையும் செம்பையும் பிரித்தறியத் தேவையில்லை என்று சொல்பவனே!

உருத்தட்டும் பயிற்சியின் கேடு இதோடு நிற்கவில்லை. பிழைச்செய்தியே தராத பிழைகள்தாம் மாணவனை வீழ்த்துகின்றன. 'வைல்' என்னும் மற்றொரு மடக்கைப் பாருங்கள்.

எண் = 1
வைல் எண் <= 5:
    பிரிண்ட்(எண்)
எண் = எண் + 1

ஐந்து வரை எண்களைக் காட்டவேண்டிய நிரல். கடைசி வரி நான்கு வெற்றிடம் பின்வாங்கி வெளியே நிற்கிறது. விளைவு? எண் ஒருபோதும் வளராது. ஒன்று, ஒன்று, ஒன்று என்று திரை நிரம்பி ஓடும். முடிவே இல்லை. கன்ட்ரோல் விசையையும் சி விசையையும் ஒருங்கே அழுத்தி நிறுத்தினாலன்றி நிற்காது. கணினி தான் செய்வது தவறென்று நினைக்கவில்லை, சொன்னதைச் செய்கிறது. செக்கைச் சுற்றும் மாட்டின் கண்ணைக் கட்டியவன் நாம்; மாட்டை நொந்து பயனென்ன?

மடக்குக்குள் மடக்கு வரும்போது உள்தள்ளலின் அருமை இன்னும் விளங்கும். திருக்குறளில் 133 அதிகாரங்கள். அதிகாரத்துக்குப் பத்துக் குறள். இந்த அமைப்பைக் கணினிக்குச் சொல்வோம்.

ஃபார் அதிகாரம் இன் ரேஞ்ச்(1, 134):
    பிரிண்ட்("அதிகாரம்", அதிகாரம்)
    ஃபார் குறள் இன் ரேஞ்ச்(1, 11):
        பிரிண்ட்("குறள்", குறள்)

வெளிமடக்கு 133 முறை சுழலும். ஒவ்வொரு சுழற்சியிலும் உள்மடக்கு பத்து முறை சுழலும். தலைப்பு 133 முறையும், குறள் 1330 முறையும் வரும். தலைப்பு வரியை உள்மடக்கின் உடலுக்குள் தள்ளிப்பாருங்கள்: ஒவ்வொரு குறளுக்கும் ஒரு தலைப்பு, ஆக 1330 தலைப்பு! உள்மடக்கை முழுதும் ஓரத்துக்கு இழுத்துப்பாருங்கள்: 133 தலைப்புகளும் வெறுமையாய் வந்துபோனபின் கடைசியில் பத்தே பத்துக் குறள்! ஒரு தலைப்பின் ஆட்சி எந்த நூற்பா வரை செல்லும் என்று நம் உரையாசிரியர்கள் ஆய்ந்தார்களே, அந்த அதிகார முறையை அறிந்த நமக்கு இது புதிதா?

"எல்லாம் சரி, வெற்றிடத்துக்கு ஏன் இந்த இறுமாப்பு? இது சிறுபிள்ளை விளையாட்டு" என்று நகைக்கும் மேதைகளும் உள்ளனர். அவர்க்கு விடை வரலாறே தரும். உள்தள்ளலால் ஆட்சியெல்லையைக் காட்டும் நெறியைப் பீட்டர் இலாண்டின் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1966இலேயே எழுதிவிட்டார். நெதர்லாந்தின் ஆம்சுடர்டாம் நகரிலுள்ள கணித, கணினி ஆய்வு நடுவத்தில் தொடக்கநிலை மாணவர்க்கென உருவாக்கிய 'ஏ.பி.சி' என்னும் மொழி அந்நெறியைக் கையாண்டது. அங்குப் பணியாற்றிய கைடோ வான் ராசம் 1989 திசம்பரில் பைத்தானை எழுதத் தொடங்கி, 1991 பிப்பிரவரியில் வெளியிட்டபோது அதே நெறியை மேற்கொண்டார். பைத்தான் நிரலைப் படிக்கும்போது கணினி உள்தள்ளலை 'உட்புகு' என்னும் குறியாகவும், தள்ளல் நீங்குவதை 'வெளியேறு' என்னும் குறியாகவும் மாற்றிக்கொண்டே படிக்கிறது. சொல்லும் எண்ணும் எப்படி அதற்குக் குறிகளோ, வெற்றிடமும் அப்படியே ஒரு குறி. ஆகவே ஒப்பனையன்று என்கிறோம், இலக்கணம் என்கிறோம்.

கண்ணுக்கு ஒன்றும் கணினிக்கு வேறொன்றுமாய் உள்தள்ளல் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு 2014ஆம் ஆண்டே சான்று. ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசி, கணினி மென்பொருளில், இணையத்தில் பேசுவோன் உண்மையானவன்தானா என்று சரிபார்க்கும் பகுதி சி மொழியில் எழுதப்பட்டிருந்தது. 'பிழையிடத்துக்குத் தாவு' என்னும் ஒரு வரி அதில் தவறுதலாக இருமுறை அமைந்துவிட்டது. இரண்டாம் வரியும் முதல் வரியைப் போலவே உள்ளே தள்ளி, ஆய்வுக் கட்டளைக்கு அடங்கியதுபோல் நின்றது. ஆனால் சி மொழிக்கு உள்தள்ளல் பொருட்டன்று. நெளிவடைப்பு இல்லாததால் முதல் வரி மட்டுமே அடங்கியது. இரண்டாவது எப்போதும் நடந்தது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் இறுதிப் படியே தாண்டிச் செல்லப்பட்டது. அவ்வாண்டு பிப்பிரவரியில் விரைந்து திருத்தம் வெளியிட நேர்ந்தது. உள்தள்ளல் பொய் சொல்ல இடம் கொடுத்த மொழியில் நேர்ந்த கேடு அது. பைத்தானில் கண் காண்பதும் கணினி காண்பதும் ஒன்றே. தொடக்கநிலை மாணவனுக்கு இதைவிட நேர்மையான ஆசிரியன் யார்?

இனி, 'ஆங்கிலம் வராதவனுக்கு நிரல் வராது' என்னும் பெரும் பொய்க்கு வருவோம்.

பைத்தானின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தவை என்பது உண்மை. மறைக்க மாட்டோம். அவை எத்தனை? முப்பத்தைந்து! தொடக்கத்தில் வேண்டியவை அவற்றுள்ளும் பத்துப் பன்னிரண்டே. சாலைக் குறிகளைக் கற்பதுபோல் இரண்டு மாலைப்பொழுதில் கற்கலாம். அதற்குமேல் வேண்டுவது ஆங்கிலப் புலமையன்று. எந்த வரி எதற்கு அடங்கும், எது எத்தனை முறை நடக்கும் என்று முறைப்பட எண்ணும் அறிவு. அவ்வறிவு எந்த மொழியில் விளையும்? எண்ணும் மொழியில் விளையும். தமிழன் எண்ணும் மொழி தமிழ்.

அன்றியும், 2008ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் பைத்தான் முதற்கொண்டு, மாறிகளுக்குத் தமிழெழுத்திலேயே பெயரிடலாம். மேலே 'தொகை' என்றும் 'எண்' என்றும் 'குறள்' என்றும் எழுதினோமே, அவை விளக்கத்துக்காக மட்டும் எழுதியவையல்ல. அப்படியே அடித்தாலும் கணினி ஏற்கும், பிழையின்றி இயங்கும். கணினி ஏற்கிறது, நம் பள்ளி ஏற்க மறுக்கிறது! பொறிக்கு இருக்கும் நடுநிலை மாந்தனுக்கு இல்லாமற் போனது யார் குற்றம்?

பிறரை மட்டும் சாடி நம்மை விட்டுவிட்டால் அது நேர்மையாகாது. நம்மவருள்ளும் ஒரு சாரார் உண்டு. 'மடக்கு' என்பதா, 'சுழற்சி' என்பதா, 'கண்ணி' என்பதா என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடுவர். ஒரு மாணவனை அருகழைத்து ஒரேயொரு மடக்கை இயக்கிக் காட்டியவர் அவருள் எத்தனை பேர்? சொல்லாக்கம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வழங்காத சொல் செல்லாத காசு. 'கணினி அயலான் பொருள்' என்று ஒதுங்கி நிற்பவரும் உளர். ஒதுங்கி நிற்பவன் வாயிற்படியில்தான் அயலான் கடை விரிப்பான் என்பதை அவர் உணர்க.

எனவே கணினி கற்பிக்கும் தமிழாசான்கள் அனைவரையும் நோக்கி மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். இவற்றுக்குப் பணம் வேண்டா, ஆணையும் வேண்டா. உள்ளம் இருந்தால் போதும்.

ஒன்று: நிரலை இயக்குமுன் 'என்ன விடை வரும்?' என்று மாணவனைச் சொல்லச் செய்யுங்கள். சுற்றுக்கு ஒரு வரியாக, எண் எவ்வளவு, தொகை எவ்வளவு என்று தாளில் கட்டம் போட்டு எழுதச் சொல்லுங்கள். ஐந்து சுற்றுக்கு ஐந்து வரி. எழுதி முடித்தவன் மடக்கை இனி ஒருபோதும் மறவான்.

இரண்டு: சரியான நிரலைக் கொடுத்து, ஒரு வரியை மட்டும் உள்ளேயோ வெளியேயோ தள்ளி விளைவைப் பார்க்கச் சொல்லுங்கள். பிழை செய்வதை ஒறுக்காதீர். பிழை செய்யவே பணியுங்கள். உள்தள்ளல் எங்கும் ஒரே அளவாய், நான்கு வெற்றிடமாய் இருக்கட்டும். ஒரு வரியில் தத்தல் விசையும் அடுத்த வரியில் வெற்றிட விசையுமாகக் கலந்தால் கண்ணுக்கு நேராய்த் தெரிவதைக் கணினி மறுத்துவிடும் என்பதையும் சொல்லுங்கள். பதிவேட்டில் எழுதும்போது, கட்டம் போட்ட தாளில் ஓரெழுத்துக்கு ஒரு கட்டம், உள்தள்ளலுக்கு நான்கு வெறுங்கட்டம் என்று எழுதச் செய்தால் படியெடுக்கையில் தள்ளல் தொலையாது.

மூன்று: அடிக்கடி வரும் பிழைச்செய்திகள் ஐந்தாறுதான். ஒவ்வொன்றின் பொருளையும் நல்ல தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கணினி அறைச் சுவரில் ஒட்டுங்கள். 'உள்தள்ளிய தொகுதியை எதிர்பார்த்தேன்', 'எதிர்பாராத உள்தள்ளல்', 'தத்தலும் வெற்றிடமும் முரண்படக் கலந்தன' என்று தமிழில் படித்த பிள்ளைக்குத் திரையில் தோன்றும் ஆங்கிலம் அச்சம் தராது.

அம்மாணவிக்கு அன்று மாலை இதைத்தான் செய்தோம். கட்டம் போட்டு ஐந்து சுற்றையும் அவளே எழுதினாள். எழுதிக்கொண்டே வந்தவள் நான்காம் சுற்றில் சட்டென நிமிர்ந்து, "ஐயா, கடைசி வரி வெளியே வந்தால்தானே ஒரே விடை வரும்?" என்றாள். நாம் சொல்லவில்லை, அவளே கண்டாள். ஆங்கிலம் கற்றபின் கண்டாளா? இல்லை. அரைமணிப் பொழுதில், தமிழில் எண்ணிக் கண்டாள். பிரிவு மாறும் பேச்சை அதன்பின் அவள் எடுக்கவில்லை.

தமிழ் மாணவனே! மாணவியே! 'உனக்கு வராது' என்று சொல்பவன் முன்னே தலைகுனியாதே. எதனால் வராது, எந்த வரியில் வராது என்று திருப்பிக் கேள். ஒரு வரியை நகர்த்து, விளைவைப் பார், ஏன் என்று எண்ணு, தமிழில் எண்ணு! நிரலில் எந்த வரி எதற்கு அடங்கும் என்பதை நீயே வகுக்கக் கற்றுக்கொள். அதைக் கற்றவன் எவனுக்கும் காரணமின்றி அடங்கான்.